ஐந்து சோடிகள், ஓர் இழப்பு

2012ஆம் ஆண்டு வெளிவந்த ‘வாட் டு எக்ஸ்பெக்ட் வென் யூ ஆர் எக்ஸ்பெக்டிங்’ என்ற ஆங்கிலத் திரைப்படத்தை, ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கையோடும் அம்மாவோடும் சென்ற ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை வீட்டிலிருந்து பார்த்தேன். ஹைடி மேர்க்கொஃப் முதலானோர் 1984இல் வெளியிட்ட கர்ப்பகால வழிகாட்டி நூலில் கதை என்று எதுவும் கிடையாது; அதன் பெயரையும் கருப்பொருளையும் எடுத்துக்கொண்டு, ஐந்து சோடிகளின் கதையை இயக்குநர் கேர்க் ஜோன்ஸ் 110 நிமிடங்களுக்குள் சொல்கிறார்.

படத்தில் நான் மிகவும் மதிப்பது எலிசபெத் பாங்க்ஸின் நடிப்பையே. தாய்மாருக்கான கடையொன்றை நடத்தும் வென்டி, நெடுநாள் காத்திருந்து கருவுற்றவள். கர்ப்பிணியின் முகத்தில் பொலிவு கூடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவள், தன் உடல் அதைப் பொய்யாக்கும்போது, கூட்டம் நிறைந்த அரங்கில் எழுதி வைத்திருந்த உரையைக் கைவிட்டு, உபாதைகள் ஒவ்வொன்றையும் ஒளிவுமறைவின்றிக் கொட்டித் தீர்க்கிறாள். கால் வீக்கத்தையும் நெஞ்செரிவையும் ‘எல்லாருக்கும் உள்ளதுதானே’ என்று விழுங்கப் பழகிய என் தங்கை, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தது அந்தக் காட்சிக்குத்தான்.

ஆனால் படத்தின் உயிர் இருப்பது அனா கென்ட்ரிக் நடிக்கும் றோஸியிடம். நடமாடும் உணவு வண்டி நடத்தும் அந்த இளம் பெண், எதிர்பாராமல் கருவுற்று, அந்த எண்ணத்துக்குப் பழகத் தொடங்கும் வேளையிலேயே கருவை இழக்கிறாள். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்ற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதனால் அதற்குள் கரு கலைந்துபோனால் அந்தத் துக்கத்தையும் வெளியே சொல்ல முடிவதில்லை. ‘அடுத்தது நல்லபடியாக வரும்’ என்ற ஒரே வார்த்தையோடு அது மூடப்பட்டுவிடும். சென்ற ஆண்டு அந்த வார்த்தையைக் கேட்டவள் என் தங்கை. சொன்னவர்களில் நானும் ஒருத்தி. றோஸியும் கருவின் தந்தையான மார்க்கோவும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் விலகும் பகுதியை இயக்குநர் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்க வேண்டும். அடுத்த சிரிப்புக்கு அவசரப்பட்டு ஓடுவதே இப்படத்தின் பெரிய குறை.

எத்தியோப்பியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்கும் ஹொலியாக ஜெனிபர் லோபஸ், தன்னால் கருத்தரிக்க முடியாத வேதனையை அடக்கமாக உணர்த்துகிறார். கிறிஸ் ரொக் தலைமையில், பிள்ளைகளை வண்டியில் வைத்துப் பூங்காவில் உலவும் தந்தையர் கூட்டம் கலகலப்பானது. தம் களைப்பை ஆண்கள் தமக்குள் பேசிக்கொள்வதைக் காண்பது நிறைவாக இருந்தது. கமரோன் டயஸின் பகுதி மனதில் நிற்கவில்லை. வென்டிக்கு மாமியார் முறையான இளம்பெண் இரட்டைக் குழந்தைகளை வலியே அறியாமல் பெறுவதுபோன்ற மிகைகளும் உண்டு.

பேச்சு சில இடங்களில் பச்சையாக இருப்பதால், சிறு பிள்ளைகளோடு பார்க்க ஏற்றதல்ல. கர்ப்பிணிகள் கணவரோடு சேர்ந்து பார்க்கலாம். இழப்பை அண்மையில் சந்தித்தவர்கள் நடுவில் வரும் றோஸியின் காட்சியை முன்பே அறிந்துகொண்டு பார்ப்பது நல்லது. நான் அதைத் தங்கையிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் காட்சியில் அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். படம் முடியும்வரை விடவில்லை.