நரிவால் ஆர்க்கிட்டைப் பிழைக்கவைக்க: தேங்காய் மட்டையா, கரித்தொட்டியா, உயிர்மரமா?

மழைக்கு முன்பாகக் குமுளியைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டங்களில் நிழல் மரங்களுக்குக் கவாத்து நடக்கும். கழிக்கும் கிளைகளோடு மரவாழையும் மண்ணுக்கு வந்துவிடும். மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டுகளை மலையாளத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள். நம்மவர்களில் பலர் அதைப் புல்லுருவி என்று நினைத்து விறகோடு சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். மரவாழையோ பட்டையைப் பிடித்துக்கொண்டு, மழைநீரையும் பட்டையில் சேரும் மக்கையும் நம்பியே வாழ்கிறது.

போன ஆண்டு ஒரு பலாக்கிளையிலிருந்து மூன்று நரிவால் ஆர்க்கிட்டுகளை எடுத்துவந்தேன். தாவரவியலில் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டுசா. அசாமில் பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் சூடுவது இந்தப் பூவைத்தான். வெயிலில் நாலைந்து நாள் கிடந்ததில் இலைகள் சுருங்கி, வேர்களில் பாதி செத்திருந்தன. விரலால் நசுக்கிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லாமல் காகிதம்போல் அமுங்கிய வேர்களைத் தீயில் காட்டிய கத்தியால் வெட்டினேன். ஒரு நாள் நிழலில் காயவிட்டு, மூன்றையும் மூன்று விதமாக வைத்தேன்.

முதலில் தோற்றது தேங்காய் மட்டை. பல நாள் தண்ணீரில் ஊறவைத்து, கறையெல்லாம் போன பிறகுதான் கட்டினேன். முதல் இரண்டு வாரம் மூன்றிலும் அதுவே தெளிவாக இருந்தது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் மட்டை காயவே இல்லை. இந்த ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலமென் என்ற பஞ்சுபோன்ற வெள்ளை உறை இருக்கிறது. நனைந்ததும் நீரைக் குடித்துப் பச்சையாகும், காய்ந்ததும் மறுபடி வெள்ளையாகும். நனைவதைப்போலவே காய்வதும் அதற்குத் தேவை. ஓயாத ஈரத்தில் அந்த உறை அழுகி, அழுகல் குருத்துக்கும் ஏறியது. நரிவாலுக்கு வளர்நுனி ஒன்றுதான். நீரைச் சேமிக்கும் பருத்த தண்டும் கிடையாது. குருத்து போனபின் அந்தச் செடியை மீட்க என்னால் முடியவில்லை.

அடுத்தது, பக்கமெல்லாம் துளையிட்ட மண்தொட்டியில் அடுப்புக்கரியும் உடைத்த செங்கலும். மண் ஒரு பிடிகூட இல்லை. இறவாணத்தின் அடியில் தொங்கவிட்டதால் மழை எவ்வளவு படலாம் என்பது என் கையில் இருந்தது. ஆகஸ்டில் பச்சை நுனியோடு புதுவேர் வந்தது. ஆனால் தினமும் பார்த்தாக வேண்டும். வேர் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டால் பிறகு இடம் மாற்றும்போது உடையும். ஆகவே தொட்டியை உடைத்து, ஒட்டிய ஓட்டோடு மரத்துக்கு மாற்றுவதே நல்லது.

மூன்றாவதை வீட்டுப் பலாமரத்தின் கிழக்குப் பக்கத்தில், காலை வெயில் மட்டும் படும் கவட்டுக்குக் கீழே பழைய பருத்திப் புடவைக் கிழிசலால் கட்டினேன். குருத்தில் நீர் தேங்காதபடி சற்றுச் சாய்வாக. பலா, மா, அயினி மரங்களின் பட்டை இதற்கு ஏற்றது. பட்டையை உரித்துப்போடும் கொய்யாவும் யூகலிப்டஸும் வேண்டாம். நைலான் கயிறும் வேண்டாம், அது வேரை அறுத்துவிடும். இரண்டு மாதம் எந்த அசைவும் இல்லாமல் என் பொறுமையைச் சோதித்த செடி இதுதான். இன்று அதன் வேர்கள் பட்டையின் வெடிப்புகளுக்குள் இறங்கிவிட்டன, துணி இற்று விழுந்த பிறகும் செடி நிற்கிறது. குமுளியில் என் ஓட்டு உயிர்மரத்துக்கே.

மலையிறங்கிக் கம்பத்துக்குப் போனால் கதை வேறு. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அது மழைமறைவுப் பகுதி. இங்கே கொட்டும் மாதங்களில் அங்கே வறண்ட காற்று வீசும். இங்கே செடியைக் கொன்ற அதே மட்டை, அங்கே என் அக்கா வீட்டு வாசலில் இன்னொரு நரிவாலைக் காப்பாற்றியிருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றாமல், பிடித்துவைத்த மழைநீரைத் தெளிக்கிறார்.

உயிருள்ள வேரே மிஞ்சவில்லையென்றால் மூன்று வழியும் உதவாது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் என்ற பாசியை நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் அடியில் பரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறையில் செடியை நிறுத்தி நிழலில் தொங்கவிட வேண்டும். இரண்டு விரற்கடை வேர் வரும்வரை உரம் கூடாது.

இதெல்லாம் சொந்தத் தோட்டத்தில் விழுந்த செடிக்கு மட்டும். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் காலடியில் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இந்த ஆண்டு கவாத்து தொடங்கும் முன்பே மேஸ்திரி அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: மரவாழை இருக்கும் கிளையை வெட்டினால் செடியைப் பிய்க்க வேண்டாம், வேர் பிடித்திருக்கும் துண்டோடு அறுத்துக் கொடுங்கள். அந்தத் துண்டை அப்படியே பலாமரத்தில் கட்டிவிடுவேன்.