குறும்படத்துக்கு ஆர்.ஆர். (பின்னணி இசை): ஆயத்த ட்ராக்கா, இசையமைப்பாளரா?

சினிமாப் பாட்டைப் போட்டுக்கொள்ளலாமே என்ற யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள். யூடியூபில் பாட்டைத் தானாக அடையாளம் காணும் கன்டென்ட் ஐடி பிடித்துவிடும். தியாகராஜர் கீர்த்தனை? அவர் மறைந்தது 1847-ல். கீர்த்தனைக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அதன் ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. புதிதாகப் பாடவைத்துப் பதிவுசெய்தால் சிக்கல் இல்லை.

மிச்சம் இரண்டு வழிகள்.

ஆயத்த ட்ராக் மலிவு. வாங்குமுன்பே காட்சியோடு போட்டுப் பார்க்கலாம். உரிமத்தைப் படிக்காமல் இறக்குவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் 'என்.டி.' (மாற்றியமைக்கக் கூடாது) என்றிருந்தால் தொடாதீர்கள்: காட்சியோடு இசையைச் சேர்ப்பதே மாற்றியமைப்பதாகக் கருதப்படும், அதற்கு அந்த உரிமம் இடம் தராது.

அடுத்த தலைவலி நீளம். 80 பிபிஎம் (நிமிடத்துக்கு 80 தட்டு) ட்ராக்கில் நாலு தட்டு கொண்ட ஒரு பார் 3 நொடி, அதாவது 24 ஃப்ரேம் வேகத்தில் 72 ஃப்ரேம். காட்சி 47 நொடி என்றால் 15 பார் வைத்து, கடைசி ஸ்வரத்தை 2 நொடி தேயவிடுங்கள். முடிவைக் காட்சியின் முடிவோடு முதலில் பொருத்திவிட்டு, நடுவிலிருந்து முழு முழு பாராக வெட்டவேண்டும். வெட்டு முதல் தட்டுக்குச் சற்று முன்னால் விழட்டும். 10 மில்லிநொடி கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு தேயும்போதே அடுத்தது எழுவது) போதும். ஜால்ரா ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தில் வெட்டினால் அதன் வால் அறுந்து காதில் உறுத்தும். வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம்தான், ஆனால் 2, 3 சதவீதத்தைத் தாண்டினால் தாளவாத்தியம் குழைந்துவிடும்.

ஸ்டெம்களாக, அதாவது வாத்தியங்கள் தனித்தனிக் கோப்புகளாக, கிடைக்கும் ட்ராக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் இல்லை. வசனம் வரும்போது மொத்த இசையையும் 15 டெசிபல் அமுக்குவதைவிட, மெட்டு வாசிக்கும் ஸ்டெமை மட்டும் நிறுத்துவது எவ்வளவோ மேல். புல்லாங்குழலும் பேச்சும் ஒரே அதிர்வெண் வரம்பில் மோதுவதால்தான் வசனம் புரியாமல் போகிறது.

இசையமைப்பாளர் இருந்தால் இந்த வெட்டு வேலை இல்லை. ஆனால் எடிட் பூட்டப்பட்ட (இனி மாற்றமில்லை என்றான) பிறகே படத்தைக் கொடுங்கள். அப்புறம் ஒரு ஷாட்டில் 10 ஃப்ரேம் குறைத்தாலும் அதற்குப் பிந்தைய இசை முழுக்க நகரும். டைம்கோட் (ஒவ்வொரு ஃப்ரேமின் நேர எண்) தெரியும் வீடியோ கொடுத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஸ்டெம்களும் எழுத்தில் உரிமை ஒப்பந்தமும் கேட்டு வாங்குங்கள். தற்காலிக இசையோடு வாரக்கணக்கில் எடிட் செய்யாதீர்கள். காது அதற்குப் பழகிப்போய், கடைசியில் அவரிடம் நகல்தான் கேட்பீர்கள்.

வசனம் நிறைந்த படத்துக்கு ஸ்டெம் உள்ள ஆயத்த ட்ராக் தாராளமாகப் போதும். ஒரே மெட்டு தொடக்கத்தில் தாலாட்டாகவும் முடிவில் ஒப்பாரியாகவும் திரும்ப வரவேண்டிய கதைக்கு இசையமைப்பாளர்தான். காசு குறைவா? அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு, மற்றதை இசையில்லாமல் விடுங்கள்.