பொறியியல் கலந்தாய்வு உதவி மையம்: நல்ல சேவை

மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில்தான் படித்தாள். கட் ஆஃப் 200-க்கு 168.5. விண்ணப்பம் போட்டுக்கொடுத்த பிரவுசிங் சென்டரில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை டிக் செய்யாமல் விட்டுவிட்டார்கள். பதறிப்போய் உதவி மையத்துக்கு ஓடினோம். அங்கிருந்த மேடம் பள்ளிச் சான்றிதழ்களைப் பொறுமையாகப் பார்த்து, பத்தே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. உட்கார நாற்காலிதான் போதவில்லை.

இந்த ஒதுக்கீட்டை 2020-இல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது அதிமுக ஆட்சி. 2021-இல் பொறியியலுக்கு விரிவாக்கியது திமுக ஆட்சி. பெருமை யாருக்கு என்று எனக்கும் மச்சானுக்கும் வீட்டில் எப்போதும் வாக்குவாதம். சரி, இரண்டு ஆட்சிக்கும் என் நன்றி. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். உதவி மையத்துக்குப் போகிறவர்கள் அசல் சான்றிதழ்களோடு காலையிலேயே போய்விடுங்கள்.