பேறுகாலச் சம்பளம்: முதலாளியா, பொது நிதியமா, அரசா?

மகப்பேறு விடுப்பு எத்தனை வாரம் என்பதில் நம் நாட்டில் இப்போது பெரிய சண்டை இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் என்றது. 2017இல் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக உயர்த்தியது. சண்டை நடக்கவேண்டிய இடம் வேறு. அந்த 26 வாரச் சம்பளம் யார் கையிலிருந்து போகிறது? மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெண் என்றால், அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமே முழுவதையும் தரவேண்டும் என்கிறது சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதை மாற்றவில்லை.

உலகத்தில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. அந்தந்த முதலாளியே தருவது ஒன்று. எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஒரு நிதியத்தில் பணம் போட்டு, அதிலிருந்து தருவது இன்னொன்று. வரிப்பணத்திலிருந்து அரசு தருவது மூன்றாவது. முதல் வழி பெண்களுக்கே கெடுதல் என்பது என் கருத்து. மற்ற இரண்டில் எது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது.

முதலாளி தலையில் மட்டும்

ஒரு கணக்குப் போடுவோம். 12 பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம், ஆளுக்கு மாதம் 30,000 ரூபாய். ஒருவர் பேறுகால விடுப்பில் போகிறார். ஆறு மாதச் சம்பளம் 1,80,000 ரூபாய். அவருடைய வேலைக்குத் தற்காலிகமாக இன்னொருவரை வைத்தால் அவருக்கும் சம்பளம் உண்டு. ஆனால் அதற்கு வேலை நடக்கிறது, அதனால் அதைக் கூடுதல் செலவில் சேர்ப்பது சரியல்ல. சேரவேண்டியது இந்த 1,80,000மும், புதியவருக்கு வேலை பழக்கும் செலவும்தான். அந்த அலுவலகத்தின் வருடச் சம்பளச் செலவு 43,20,000. அதில் இது 4 சதவீதத்துக்கும் மேல்.

இதே சம்பளத்தில் 1,000 பேர் இருக்கும் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 20 பேர் விடுப்பில் போனால் 36 லட்சம் ஆகும். 36 கோடிச் சம்பளச் செலவில் அது ஒரே ஒரு சதவீதம். பெரிய நிறுவனத்துக்கு இது வருடா வருடம் எதிர்பார்த்து ஒதுக்கி வைக்கும் தொகை. சின்ன நிறுவனத்துக்கோ சில வருடம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று ஒரு வருடம் மொத்தமாக வந்து விழும். ஒரே வருடத்தில் இரண்டு பேர் போனால் அந்த வருட லாபமே போய்விடலாம்.

அந்த முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் சட்டமே அவரை ஒரு இக்கட்டில் நிறுத்தியிருக்கிறது. ஒரே தகுதியுள்ள ஓர் ஆணும் 27 வயதுப் பெண்ணும் இன்டர்வியூவுக்கு வந்தால், பெண்ணின் பக்கத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விலைச்சீட்டைச் சட்டம் ஒட்டி வைத்திருக்கிறது. "கல்யாணம் ஆயிடுச்சா? வீட்டுல என்ன பிளான்?" என்ற கேள்விகள் அங்கேதான் பிறக்கின்றன. கேட்பது தவறு. கேட்காமலேயே மனசுக்குள் முடிவெடுப்பது அதைவிட மோசம், ஏனென்றால் அதை யாராலும் நிரூபிக்க முடியாது. வேலையில் இருப்பவரைக் கர்ப்பகாலத்தில் நீக்கக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. வேலையே கொடுக்காமல் விட்ட பெண்ணுக்கு அந்தத் தடை எந்த உதவியும் செய்யாது.

2017 திருத்தத்துக்கு அடுத்த வருடம், நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துத் தரும் டீம்லீஸ் நிறுவனம் ஓர் ஆய்வு வெளியிட்டது. 10 துறைகளில் 11 முதல் 18 லட்சம் பெண்கள் வேலை இழக்கக்கூடும் என்றது அது. அது ஒரு கணிப்புதான், நடந்ததை எண்ணிச் சொன்ன கணக்கு அல்ல. இருந்தாலும் அரசுக்கே இந்தக் கவலை இருந்தது. 2018 நவம்பரில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம், 26 வாரத்தில் 7 வாரச் சம்பளத்தை நிறுவனங்களுக்குத் திருப்பித் தரும் திட்டம் ஒன்றைத் தயாரிப்பதாக அறிவித்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

வருத்தம் என்னவென்றால் இது புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினையும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் போட்ட மூன்றாவது உடன்படிக்கையே பேறுகாலப் பணம் பொது நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வரவேண்டும் என்றது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதா விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்பதுதான் முறை என்று அங்கேயே ஒப்புக்கொண்டார். ஆனால் பெண்களை வைத்து ஆதாயம் காணும் முதலாளி பொறுப்பிலிருந்து முழுக்க நழுவ முடியாது என்பதும் அவர் வாதம். 1929இல் சட்டம் வந்தது, சுமை முதலாளி மேல் விழுந்தது. கிட்டத்தட்ட 100 வருடமாக அது அங்கேயேதான் இருக்கிறது.

பொது நிதியம்: நம்மிடமே இருக்கும் வழி

முதலாளி தனியாகச் சுமக்காத ஒரு ஏற்பாடு இந்தியாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. தொழிலாளர்களின் மருத்துவச் செலவையும் பார்த்துக்கொள்ளும் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.தான் அது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் சந்தா கட்டுகிறார்கள். பேறுகாலம் வந்தால் 26 வாரத்துக்கும் சராசரி நாள் சம்பளத்தை முழுதாக இ.எஸ்.ஐ. தந்துவிடுகிறது. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்குச் சந்தா போயிருந்தால் போதும். இதற்கு உட்பட்ட பெண்ணுக்கு முதலாளி தனியாகப் பேறுகாலச் சம்பளம் தரவேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சந்தாவுக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. 100 ஆண்களை வைத்திருக்கும் பட்டறையும் அதே 3.25 சதவீதம் கட்டுகிறது, 100 பெண்களை வைத்திருக்கும் பனியன் கம்பெனியும் அதையே கட்டுகிறது. பெண்ணை வேலைக்கு எடுப்பதால் செலவு ஒரு ரூபாய்கூட ஏறாது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருப்பூர் தையல் கூடங்களிலும் ஸ்ரீபெரும்புதூர் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளிலும் இத்தனை பெண்கள் வேலைக்கு எடுக்கப்படுவதற்குப் பல காரணங்கள் உண்டு. பேறுகாலச் செலவு தனி முதலாளி தலையில் விழாமல் இருப்பது அதற்குத் தடை போடாமலாவது இருக்கிறது.

குறை எங்கே என்றால், அந்த 21,000 என்ற கோட்டில். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. 20,900 வாங்கும் பெண்ணின் பேறுகாலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. தரும். சம்பளம் ஏறி 21,500 ஆகி, நடப்புச் சந்தாக் காலமும் முடிந்துவிட்டால் அவர் திட்டத்துக்கு வெளியே போய்விடுவார். அப்புறம் ஆறு மாதச் சம்பளமான 1,29,000 ரூபாய் முழுக்க முதலாளி கணக்கு. மாதம் 600 ரூபாய் சம்பள உயர்வு இவ்வளவு பெரிய பொறுப்பை ஒரே நாளில் இடம் மாற்றுகிறது. தனியார் பள்ளி ஆசிரியைகள், சின்ன மருத்துவமனை நர்ஸ்கள், கணக்கு எழுதும் பெண்கள் என எத்தனையோ பேர் சரியாக இந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறார்கள். பேறுகாலத்தில் அதிகம் மாட்டிக்கொள்ளக்கூடியவர்களும் இவர்களே. இவர்களை வேலைக்கு வைத்திருப்பவை பெரும்பாலும் பெரிய கார்ப்பரேட்டுகள் அல்ல.

ஜெர்மனியின் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், நம் கேள்விக்கு அது நேரடியாகப் பதில் சொல்வதால். அங்கே பேறுகாலம் 14 வாரம், பிரசவத்துக்கு முன் 6, பின் 8. மருத்துவக் காப்பீட்டு நிதியம் நாளுக்கு 13 யூரோ வரை தரும், மீதியை முதலாளி போட்டு நிரப்பவேண்டும். முன்பெல்லாம் அப்படி நிரப்பிய தொகையைச் சின்ன நிறுவனங்களுக்கு மட்டும் ஒரு பொது நிதியம் ஈடுகட்டியது. பெரியவர்கள் தாங்களே சுமந்தார்கள். 2003இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் இதில் தலையிட்டது. முதலாளியைப் பங்கு தரச் சொல்வதில் தவறில்லை, ஆனால் இந்த ஏற்பாடு பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்க வைக்கும், சமத்துவ உரிமைக்கு அது முரண் என்றது. 2006 முதல் சிறிய, பெரிய நிறுவனங்கள் எல்லாமே நிதியத்தில் பணம் போடுகின்றன. ஒரு பெண்கூட வேலை செய்யாத நிறுவனமும் போடவேண்டும். விடுப்புக் காலத்தில் முதலாளி தந்த தொகை முழுதாகத் திரும்பி வந்துவிடும். அதற்கான கட்டணம் பெரும்பாலும் ஊதியத்தில் 1 சதவீதத்துக்கும் கீழேதான்.

இது நமக்குக் கட்டுப்படியாகுமா? மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 100 பேரில் 2 பேர் 26 வார விடுப்பில் போனால் மொத்தச் செலவு ஊதியத்தில் 1 சதவீதம். அந்த 12 பேர் அலுவலகம் வருடம் 43,200 ரூபாய் கட்டவேண்டியிருக்கும். திடீரென்று விழும் 1,80,000க்குப் பதில், முன்கூட்டியே தெரிந்த தொகை. பெண்களே இல்லாத நிறுவனங்கள் எதிர்க்கும், அது தெரிந்ததுதான். அவர்களுக்கு நாளை வேலைக்கு வரப்போகிறவர்களையும் யாரோ ஒரு தாய்தானே பெற்று வளர்க்கிறார்?

கருவூலத்திலிருந்து

அரசே தரட்டும் என்பவர்கள் முதலில் காட்டுவது சிங்கப்பூரை. குழந்தை குடியுரிமை பெற்றதாக இருந்தால் அங்கே 16 வாரம் விடுப்பு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு முதல் 8 வாரச் சம்பளம் முதலாளி பொறுப்பு. அடுத்த 8 வாரத்துக்கு அவர் கொடுத்ததை ஓர் உச்சவரம்பு வரை அரசு திருப்பித் தரும். மூன்றாவது குழந்தையிலிருந்து 16 வாரமும் அரசு கணக்கு. பிரிட்டனில் முதலாளி சட்டப்படியான பேறுகாலச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு அதில் 92 சதவீதத்தைத் திரும்பப் பெறலாம். சின்ன நிறுவனங்களுக்கு 2025 ஏப்ரலில் இது 108.5 சதவீதமாக்கப்பட்டது. கொடுத்ததைவிடக் கூடுதலாக வருவது அலைச்சலுக்கும் நிர்வாகச் செலவுக்கும் ஈடு. சின்ன நிறுவனத்தின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு என்பதால் எனக்கு இதில் மதிப்பு உண்டு.

ஆனால் அரசு பணம் தரும் இடத்தில் அரசின் மக்கள்தொகைக் கொள்கையும் கூடவே வந்துவிடுகிறது. பிறப்பு குறைந்துபோன சிங்கப்பூர் மூன்றாவது குழந்தைக்கு அதிகம் தருகிறது. நம் ஊரில் தலைகீழ். ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 தருகிறது, இரண்டாவது பெண்ணாக இருந்தால்தான் 6,000. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு தருகிறது, அது பாராட்டவேண்டியது. அதே அரசின் பள்ளி ஆசிரியை ஒருவர், முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்ததால் மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. 2025 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நிதியத்திலும் இந்த நிபந்தனை ஓரளவு உண்டு, இ.எஸ்.ஐ.யில் மூன்றாவது குழந்தைக்கு 12 வாரம்தான். ஆனாலும் அங்கே சந்தா கட்டிய உரிமை என்று ஒன்று கையில் இருக்கிறது.

இன்னொரு கேள்வி எனக்கு இதைவிட முக்கியம். வரிப்பணம் முதலில் யாருக்குப் போகவேண்டும்? மாதம் ஒரு லட்சம் வாங்கும் மென்பொருள் பொறியாளரின் ஆறு மாதச் சம்பளத்தை அரசு கட்டினால், சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணும் சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் கட்டிய வரி அதில் கலந்திருக்கும். அந்தச் சித்தாளுக்கு விடுப்பும் இல்லை, சம்பளமும் இல்லை. இந்தியாவில் வேலை செய்யும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் வயல், வீட்டுவேலை, பீடி சுற்றுதல், கட்டிட வேலை, சொந்தத் தொழில் என்று 26 வாரச் சட்டம் எட்டாத இடத்தில்தான் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு அரசைத் தவிர வேறு யாரும் தரமுடியாது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கி இப்போது 18,000 ஆகியிருக்கிறது. அதில் 14,000 பணம், 4,000 மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். நாட்டுக்கே முன்னோடி என்று இதைச் சொல்லத் தயங்கவேண்டாம். ஆனால் 18,000ஐ ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,000. கைக்குழந்தையோடு நாற்று நடப் போகாமல் இருக்க ஒரு பெண்ணுக்கு அது போதாது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்ன குறைந்தபட்சம் 6,000 ரூபாயாகவே கிடக்கிறது. ஆஸ்திரேலியா, வேலையில் இருக்கும் பெற்றோருக்கு தொகையை அவரவர் சம்பளத்தோடு கட்டாமல் குறைந்தபட்ச ஊதிய அளவில் அரசுப் பணம் தருகிறது, சுயதொழில் செய்பவர்களுக்கும் உண்டு. பேறுகால உதவியை இப்படிக் குறைந்தபட்ச ஊதியத்தோடு கட்டிவிட்டால் விலைவாசி ஏறும்போது அதுவும் ஏறும். ஒவ்வொரு தேர்தலுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ஆக, மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு நிதியம், முதலாளியே இல்லாத பெண்ணுக்குக் கருவூலம். இதில் எந்தப் பக்கத்திலும் அந்தத் தனி முதலாளி இல்லை. இ.எஸ்.ஐ. வரம்பை அப்படியே உயர்த்தினால் மருத்துவச் சந்தாவும் சேர்ந்து ஏறும், கொஞ்சம் கூடுதலாகச் சம்பளம் வாங்குபவர்கள் "எங்களுக்கு அந்த டிஸ்பென்சரி வேண்டாம்" என்று எதிர்ப்பார்கள். எனவே பேறுகாலத்துக்கு மட்டும் தனி நிதியம், 21,000க்கு மேல் உள்ள எல்லாருக்கும், ஓர் உச்சவரம்போடு. 10 பேருக்குக் குறைவானவர்கள் இருக்கும் கடைகளையும் அதில் சேர்க்கலாம், அவர்கள் பங்கை அரசு ஏற்கலாம். அரசு பணம் போட நல்ல இடம் அது.

பணப் பிரச்சினை தீர்ந்தாலும் ஆறு மாதம் ஆள் இல்லாத சிரமம் நிறுவனத்துக்கு இருக்கத்தான் செய்யும். அந்தச் சிரமமும் பெண்ணோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை தயக்கம் முழுக்கப் போகாது. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் தந்தைக்கு 4 வார விடுப்பு கட்டாயம், சம்பளத்தை அரசு ஈடுசெய்கிறது. இந்தியாவில் ஒன்றிய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் உண்டு, தனியார் துறையில் வேலை செய்யும் தந்தைக்குச் சட்டம் ஒரு நாள்கூடத் தரவில்லை. பேறுகால நிதியம் ஒன்று வந்தால், தந்தையின் முதல் 4 வாரச் சம்பளத்தையும் அதிலிருந்தே தரலாம். நாலு வாரத்துக்கு ஆகும் கூடுதல் கட்டணம் 26 வாரத்துக்கு ஆவதில் சின்னப் பங்குதான்.