கரையா, கறையா? கூகுள் குரல் தட்டச்சில் ஒரு காதல் மர்மக் கதை

வாரத்துக்கு இரண்டு அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,500 சொல் என்று ஒரு காதல் மர்மத் தொடரை ஒப்புக்கொண்டால், வாரம் 3,000 சொல் எழுதியாக வேண்டும். போனில் பெருவிரலால் குத்தி இதை முடிப்பதற்குள் கை வலித்துவிடும். பேசினால் எழுதித் தருகிற கூகுள் குரல் தட்டச்சு அதனால்தான் ஆசை காட்டுகிறது. தனிக் கட்டணம் இல்லை; டேட்டா இருந்தால் போதும். மொழிப் பட்டியலில் இந்தியா, சிங்கப்பூர், மலேசியாவோடு இலங்கைத் தமிழுக்கும் தனித் தெரிவு இருக்கிறது.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு மூன்று. காதலர் வாய்ச்சண்டைக்கு நல்லது, கொலைத் தடயத்துக்கு ஆகாது.

கொம்பியூட்டரில் குரோமைத் திறந்து, கூகுள் டொக்ஸில் 'டூல்ஸ்' மெனுவுக்குள் 'வொய்ஸ் டைப்பிங்' போகவும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். மைக் படத்துக்கு மேலே மொழி இருக்கும். அதில் தமிழையும் இலங்கையையும் தெரிவு செய்யவும். மைக் சிவந்தால் கேட்கிறது என்று அர்த்தம். போனில் என்றால் ஜிபோர்ட் விசைப்பலகையின் மைக்கை அழுத்தினால் போதும், ஆனால் நீண்ட அத்தியாயத்துக்கு டொக்ஸ்தான் வசதி. பேசிக்கொண்டிருக்கும்போது வேறு டாப்புக்குப் போனால் மைக் நின்றுவிடும். யோசித்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலும் நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அரைப் பக்கம் பேசினால் அவ்வளவும் காற்றோடு போச்சு. கண் திரையில் இருக்கட்டும், இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாகப் பேசுங்கள்.

குரல் கூகுளின் சேவருக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்பி வருகிறது. சிக்னல் இழுத்தால் வாக்கியத்தின் நடுவில் ஓட்டை விழும். ஃபான் சத்தமும், கடலோரத்தில் கச்சான் காற்றின் இரைச்சலும் அதே வேலையைச் செய்யும். ஹான்ட்ஸ்ஃப்ரீ மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் கன்னத்துப் பக்கம் இரண்டு விரல் தள்ளி வைத்தால் மூச்சு அடிக்காது. இன்னொரு போனில் அதே பேச்சைப் பதிந்தும் வைக்க வேண்டும். மூன்று நாள் கழித்துக் குழம்பிய வரியைப் பார்த்தால், என்ன சொன்னோம் என்று சொன்னவருக்கே விளங்காது.

நிறுத்தற்குறிதான் முதல் தலையிடி. ஆங்கிலத்தில் 'கொமா' என்று சொன்னால் கொமா விழும். தமிழில் அந்த வசதி கிடையாது. முற்றுப்புள்ளி, மேற்கோள் குறி, புதிய பத்தி எதுவும் குரலுக்கு வராது. நாயகியும் நாயகனும் சண்டை பிடிக்கிற காட்சி, யார் பேசியது என்று தெரியாமல் ஒரே மதிலாக நிற்கும். ஒருவர் பேசி முடித்ததும் கையால் என்டர் தட்டுங்கள். ஒவ்வொரு வரியையும் பேசுகிறவரின் பெயரோடு தொடங்குங்கள். பிறகு பெயரை எடுத்துவிடலாம்.

அந்தப் பெயரிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதுமையான பெயரென்றால் இயந்திரம் தடுமாறும். அதற்குத் தெரிந்த பழைய பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடைசியில் டொக்ஸின் தேடி மாற்றும் வசதியால் மொத்தமாக மாற்றுவது வழி. இரண்டு பெயருக்கும் கடைசி உயிர் ஒன்றாக இருக்க வேண்டும். 'யாழினி'க்குப் பதில் 'ராணி' என்று சொன்னால் ராணியை, ராணிக்கு, ராணியோடு எல்லாம் ஒழுங்காக மாறும். 'கமலா' என்று சொல்லியிருந்தால் 'கமலாவை' போய் 'யாழினிவை' வந்து நிற்கும். ஆண் பெயரில் இன்னும் கவனம் வேண்டும்: 'ராமன்' என்று தேடினால் ராமனை, ராமனுக்கு இரண்டும் அகப்படாது, அவற்றில் புள்ளி இல்லை. வேற்றுமை ஒவ்வொன்றையும் தனியாகத் தேடி மாற்ற வேண்டும். கதையில் மகாராணி யாரும் வந்தால் 'மகாயாழினி' ஆகிவிடுவார், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒலி. நம் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றுதான். ரகரம், றகரமும் அப்படியே. ஆகவே இயந்திரம் காதால் மட்டும் தீர்மானிப்பதில்லை, பக்கத்துச் சொல்லைப் பார்த்து ஊகிக்கிறது. சாதாரண வாக்கியத்தில் ஊகம் சரியாக வரும். மர்மக் கதையில் வாக்கியமே சாதாரணமாக இருக்காதே! 'வாவிக் கரையில் ஒரு கறை' என்று எழுத நினைத்தால், இரண்டும் கரையாகலாம். 'அரை வெளிச்சத்தில் பார்த்தாள்' என்பது 'அறை வெளிச்சத்தில்' ஆனால், சாட்சி சொல்கிறவள் முகத்தைத் தெளிவாகப் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம் மாறிவிடும். பத்து அத்தியாயம் கழித்து வரும் திருப்பம் அங்கேயே செத்தது. ஒற்றும் இப்படித்தான். கோயில் வேல் காணாமல் போன கதையில் 'வேலைத் தேடினான்' என்பதில் 'த்' விழுந்துவிட்டால், துப்பறிய வந்தவன் உத்தியோகம் தேடப் போயிருப்பான்.

இதைவிடப் பெரிய இழப்பு வட்டார வழக்கில். கொழும்பில் பிறந்து வளர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் நாயகிக்குப் போன் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு சூடேறும்போது வாய் தவறி "மறுகா சொல்றன்" என்கிறான்; மட்டக்களப்புப் பக்கத்தில் 'மறுகா' என்றால் 'பிறகு'. வாவிக்கு மேற்கே படுவான்கரையோ கிழக்கே எழுவான்கரையோ, ஆள் நம்ம பக்கத்தான் என்று அவளுக்கு அந்த ஒரு சொல்லில் பிடிபடுகிறது. கதையின் மொத்தத் தடயமே அந்த 'மறுகா'தான். எழுத்துத் தமிழில் ஊறிய இயந்திரம் அதை 'மறுக்க' என்றோ வேறெதாகவோ திருத்திவிடலாம். 'என்னகா', 'வாகா' போன்றவற்றில் 'கா' காணாமல் போகலாம். அக்கரைப்பற்றுப் பக்கத்து 'இரிக்கி'யும் 'இருக்கு' ஆகிவிட்டால், கதையில் எல்லாரும் ஒரே ஊர்க்காரர் மாதிரிப் பேசுவார்கள்.

ஆகவே வருணனையை எழுத்து நடையிலேயே நிதானமாகச் சொல்லுங்கள். உரையாடலைப் பொதுப் பேச்சில் சொல்லி முடித்து, ஊர் வழக்கைக் கையால் போடுங்கள். தடயம் உள்ள பத்தியைச் சொல்லவே வேண்டாம். அந்த இடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டுத் தாண்டிப் போய், பிறகு தட்டச்சுச் செய்யுங்கள். நேரம், திகதி, கதவு பூட்டியிருந்ததா, யார் கையில் திறப்பு இருந்தது என்பதெல்லாம் இதில் சேரும். பத்து நிமிடப் பேச்சைத் திருத்த அரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் அந்த அத்தியாயம் தட்டச்சுக்கே உரியது.

காதல் காட்சிக்கு வேறு சிக்கல். சாற்றிய அறைக்குள் இருந்து "நீ இல்லாமல் என்னால் முடியாது" என்று மூன்று தரம் சொன்னால், குசினியில் இருக்கிற மாமிக்கு என்ன விளக்கம் சொல்வது? கொலைக் காட்சியைச் சத்தமாகச் சொல்வதுகூட அதைவிட இலகு. இதற்கு மென்பொருளில் தீர்வு இல்லை.

புத்தகமாக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டொக்ஸில் இருப்பது யூனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பக்கம் வடிவமைப்பவர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறவர் என்றால் மாற்றித்தான் எடுப்பார். பாமினியில் கொமா விசை 'இ', அரைப்புள்ளி விசை மெய்யெழுத்தின் புள்ளி. மாற்றாமல் விடுபட்ட ஒவ்வொரு கொமாவும் அச்சில் 'இ' ஆகத் தெரியும்: 'கவின்இ நில்!' குரல் தராத கொமாக்களை ஒவ்வொன்றாகக் கையால் போட்டவருக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும். புரூஃப் கைக்கு வந்ததும் முதலில் உரையாடல் பக்கங்களைத் திறந்து, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'இ'யைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள்.