மழை மாதங்களில் மலையேறுவது: கொழும்பிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

மாதத்துக்கு ஒரு மலை என்று எனக்கு நானே ஓர் இலக்கு வைத்திருக்கிறேன். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அதைக் காப்பாற்றுவது பெரிய காரியமல்ல. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை கொட்டும்போதுதான் இலக்கு தடுமாறுகிறது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பல வருடங்களாக அந்த மாதங்களிலும் மலைக்குப் போய்வருவதால், எவை கைகொடுத்தன என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் திசை. தென்மேற்குக் காற்று சுமந்து வரும் ஈரம் மேற்குச் சரிவுகளில்தான் இறங்குகிறது. கித்துல்கல, ஹட்டன், இரத்தினபுரி எல்லாம் நனைந்து கிடக்கும். மலைமுகடுகளைத் தாண்டி, கிழக்கே உள்ள ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று வறண்டுவிடுகிறது. கொழும்பில் குடையில்லாமல் வாசலைத் தாண்ட முடியாத ஜூலையில், பண்டாரவளையிலும் எல்லவிலும் பெரும்பாலும் வெயில் இருக்கும். முகடுகளில் காற்று பலமாக வீசும், அவ்வளவுதான். ஓர் இரவு பஸ்ஸில் போகிறது. அந்தக் களைப்புக்குப் பலன் உண்டு. இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி இலக்கு தப்பிவிடும்.

மேற்குப் பக்கம்தான் போவேன் என்பவர்களுக்கு, இரத்தம் உறிஞ்சும் அட்டைகளைத் தடுக்கும் அட்டைக் காலுறை இல்லாமல் முடியாது. உப்பு, சவர்க்காரம், டெட்டோல் எல்லாவற்றையும் பூசிப் பார்த்தாயிற்று. நல்ல மழையில் எதுவும் காலில் நிற்காது. அட்டை கடிப்பது தெரியாது. அதன் உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் இரத்தத்தை உறையவிடாது. அட்டை விழுந்த பின்னரும் நெடுநேரம் கசிந்துகொண்டே இருக்கும். சாதாரண காலுறையின் பின்னல் இடைவெளியில் மெல்லிய அட்டை நுழைந்துவிடுகிறது. அட்டைக் காலுறையோ நெருக்கமாக நெய்த துணியில் பைபோலத் தைத்தது. வழக்கமான காலுறைக்கு மேலே, சப்பாத்துக்கு உள்ளே போட்டு, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்ட வேண்டும். வெளிர் நிறத்தில் வாங்குங்கள்; ஏறும் அட்டை உடனே கண்ணில் படும். என்னுடையது பெருவிரல் பக்கம் தையல் விட்டது, தையற்காரரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டபின் இன்றுவரை உழைக்கிறது. கொழும்பு ஈரப்பதத்தில் பருத்தி சீக்கிரம் காயாது என்பதால் இரண்டு சோடி தேவை.

நீர் புகாத சப்பாத்தை இந்த நாட்டு மழைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓடையைக் கடக்கும்போது மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போனது வெளியே வராது. பாதம் ஊறி வெளுத்து, தோல் உரியும். நல்ல பிடிப்புள்ள அடிப்பாகமும் தண்ணீர் வடியும் வலைத்துணியும் கொண்ட சப்பாத்தே நடக்க நடக்கக் காய்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளாலான அடிப்பாகம் ஈரக் காற்றில் இரசாயன மாற்றம் அடைந்து உதிரக்கூடியது. பத்திரமாக அலுமாரியில் பூட்டி வைத்த சப்பாத்து மலையில் பிளந்துபோவது இதனால்தான். மாதம் ஒருமுறையாவது போட்டு நடந்து, காற்றாட வைப்பது நல்லது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. நான் போகவிருக்கும் பிரதேசத்துக்கு மஞ்சள் வந்தாலே பயணத்தை விட்டுவிடுகிறேன். எச்சரிக்கை இல்லாத ஒரு நாளில், தோட்டத்துப் பாதையில் கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த ஓர் அக்கா, "தம்பி, மேலே ஆறு ஏறிவிட்டது, திரும்பிப் போங்கள்" என்றார். அங்கேயே திரும்பினேன். மலையடிவாரத்தில் வாழ்பவர்களின் கண்ணுக்கு மேலான கருவி இல்லை.

அப்படிப் போக முடியாத வாரங்களில் எங்கள் தொடர்மாடிப் படிகளில் முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து ஏறி இறங்குகிறேன். இறங்கும்போது அவசரப்படக் கூடாது. முழங்கால் பழகுவது இறக்கத்தில்தான். இதையும் மாதக் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று என்கிறார்கள் நண்பர்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்கு இடம் கொடுக்காத இலக்கு இந்தத் தீவில் ஓகஸ்டைத் தாண்டாது.

ஒக்டோபரும் நவம்பரும் வேறு கதை. பெரும்பாலும் காலை தெளிவாக இருக்கும், பிற்பகலில் இடி முழங்கும். அந்த இரு மாதங்களிலும் விடியும்போதே ஏறத் தொடங்கி, நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுகிறேன்.