எண்ணெய் ரிக்குகளின் பக்கம் போகும் படகுக்கு பி வகுப்பு ஏஐஎஸ் கருவி

கேரைக்கும் (சூரை மீன்) சுறாவுக்கும் ஆழ்கடலில் பல நாள் தங்கல் செல்லும் எங்கள் தூண்டில் படகில், கொச்சி தோப்பும்படியில் வாங்கிய பி வகுப்பு ஏஐஎஸ் கருவியைப் பொருத்தி ஒரு பருவம் தொழில் செய்தாயிற்று. ஏஐஎஸ் என்பது கப்பலின் பெயர், இடம், வேகத்தை ரேடியோ அலையில் தானாக அனுப்பி, பிற கப்பல்கள் அனுப்புவதையும் திரையில் காட்டும் கருவி. பெரிய கப்பல்களில் இருப்பது ஏ வகுப்பு, சிறு படகுகளுக்கானது பி வகுப்பு. மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள பம்பாய் ஹை எண்ணெய் வயல் வரை போகிறவர்களுக்கு இது பயன்படுமா என்று குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளைப் பகுதி உரிமையாளர்கள் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் கப்பல் நம்மைப் பார்த்து விலகிவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம். கப்பலை நாம் முன்கூட்டியே பார்க்க முடிகிறது என்பதற்காக வாங்குங்கள்.

அந்த வேலையைக் கருவி நன்றாகவே செய்கிறது. எண்ணெய்த் தளங்களைச் சுற்றி சப்ளை கப்பல்களும் நங்கூர இழுவைக் கப்பல்களும் இரவு பகலாக ஓடுகின்றன. தளத்தில் எரியும் எரிவாயுச் சுடரின் வெளிச்சத்தில் அவற்றின் பச்சை, சிவப்பு விளக்குகளைப் பிரித்தறிவது பழகிய ஸ்ராங்குக்கும் (படகோட்டி) சிரமம். திரையிலோ கப்பலின் பெயர், வேகம், திசை, நம்மை எவ்வளவு நெருங்கிக் கடக்கும் என்ற கணக்கு எல்லாமே தெரிகின்றன. பெயர் தெரிவதால் விஎச்எஃப் ரேடியோவின் பொது அழைப்புக்கான 16ஆம் சேனலில் அந்தக் கப்பலையே நேராகக் கூப்பிட முடிகிறது. பல கிலோமீட்டர் நீளக் கேபிளை இழுத்துவரும் நில அதிர்வு ஆய்வுக் கப்பல் எதிர்ப்பட்டால், தூண்டில் கயிற்றைச் சுருட்ட நேரம் கிடைப்பதே பெரிய லாபம்.

நம்மைக் காட்டும் பக்கம்தான் பலவீனம். ஏ வகுப்புக் கருவி 12.5 வாட் திறனில், ஓடும் கப்பலின் நிலையை 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எங்கள் கருவியின் திறன் 2 வாட். வேகம் 2 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) அளவைத் தாண்டினால் 30 நொடிக்கு ஒருமுறை அனுப்பும். தூண்டில் போட்டு நீரோட்டத்தில் கிடக்கும்போது 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான், அதுவும் அலைவரிசையில் காலி இடம் கிடைத்தால். ஒரு செய்தி தவறினால் இடைவெளி 6 நிமிடமாகிறது. அதற்குள் 12 நாட் வேகத்தில் வரும் சப்ளை கப்பல் 2 கிலோமீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். போதாததற்கு, நெரிசலான கடலில் பி வகுப்புக் குறிகளைத் திரையில் மறைத்து வைக்கும் வசதியும் சில கப்பல்களில் உண்டு. 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன ஓஷியானிக் படகைக் கப்பல் மோதியதை நம் ஊர்களில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே இரவுக் காவலுக்கு ஒரு ஆளை விழித்திருக்க வைக்கும் பழக்கத்தை இந்தக் கருவியைக் காட்டிக் கைவிடாதீர்கள்.

தளங்களைப் பொறுத்தவரை, ஏஐஎஸ் குறி அனுப்பும் தளம் திரையில் வைர வடிவில் வருகிறது. எல்லாத் தளமும் அனுப்புவதில்லை. எனவே இரண்டு குறுகிய வெட்டும் ஒரு நீண்ட வெட்டுமாக மின்னும் வெள்ளை விளக்கையும், மூட்டத்தில் அதே தாளத்தில் ஒலிக்கும் ஊதலையும் கவனிக்கத்தான் வேண்டும். தளத்தைச் சுற்றியுள்ள 500 மீட்டர் பாதுகாப்பு வளையத்துக்குக் கருவி தானாக எச்சரிக்கை தராது. ஜிபிஎஸ் பிளாட்டரில் (கடல் வரைபடத் திரை) நாமே வட்டம் போட்டு அலாரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவியோடு கொடுத்த ஆன்டெனா கேபிள்தான் எங்களை ஏமாற்றியது. பருவத்தின் நடுவில் கருவியில் கோளாறைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. கனெக்டரைத் திருகிக் கழற்றினால் உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. கடைக்காரர் அதை வாரண்டியில் ஏற்கவில்லை, உப்புக்காற்று என்று கையை விரித்துவிட்டார். கடலில் ஓடும் படகுக்கு விற்ற பொருளுக்கு இது ஒரு பதிலா? பிறகு நல்ல கேபிள் வாங்கி, மூட்டில் ரப்பர் டேப் சுற்றி, ஆன்டெனாவை வீல்ஹவுஸ் கூரையிலிருந்து கம்பத்தின் உச்சிக்கு மாற்றினோம். முன்பைவிட வெகு தூரத்திலேயே கப்பல்கள் தெரிகின்றன.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். படகை அடையாளம் காட்ட கருவியில் பதியும் எம்எம்எஸ்ஐ எண் 9 இலக்கம். இந்தியப் படகுக்கு 419 என்று தொடங்க வேண்டும். அதை ஒருமுறை பதிந்துவிட்டால் நம்மால் மாற்ற முடியாது என்பதால், உங்கள் படகுக்கு முறையாகக் கிடைத்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் கண்ணெதிரே பதியச் சொல்லுங்கள்.